உப்புக்கண்டம்: கறி வாங்குவது முதல் டப்பாவில் அடைப்பது வரை

உப்புக்கண்டம் கெட்டுப்போன வீடுகளில் பழி வெயில்மீதுதான் விழும். மேகம் போட்டுவிட்டது, காற்றே இல்லை என்பார்கள். கூடவே இருந்து பார்த்தால், கறி மொட்டைமாடிக்கு ஏறும் முன்பே வேலை கெட்டிருக்கும். தடிமனாக வெட்டியிருப்பார்கள். வெட்டிய பிறகு கழுவியிருப்பார்கள். உப்பைக் கண்ணளவில் போட்டு, மசாலா எல்லாவற்றையும் அதோடு சேர்த்து ஒரே பிசையலாகப் பிசைந்திருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வெயிலுக்கு முந்தைய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அளவுகள் எல்லாம் கொழுப்பும் எலும்பும் நீக்கிய 1 கிலோ ஆட்டுக்கறிக்கு. மாட்டுக்கறிக்கும் இவையே பொருந்தும். கோழியையும் பன்றியையும் முதல் முயற்சிக்கு எடுக்க வேண்டாம். கொத்துக்கறியை இந்த முறையில் உலர்த்தவே கூடாது. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைத்தால் அவை உள்ளே எங்கும் கலந்துவிடும். கொத்துக்கறியில் சாசேஜ் செய்ய ஆசைப்படுகிறவர்கள் அதைப் பச்சையாகச் செய்து உடனே வேகவைத்துச் சாப்பிடலாம், அல்லது உறையவைக்கலாம். அளந்து போடும் நைட்ரைட் உப்பு (இறைச்சியைப் பதப்படுத்தும் தனி உப்பு) இல்லாமல் சாசேஜைத் தொங்கவிட்டு உலர்த்துவது விஷப்பரீட்சை.

1. முதலில் நாள், பிறகு கறி

தை பிறந்த பிறகு, மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் தொடவேண்டாம். வெயிலின் சூட்டைவிடக் காற்றின் வறட்சிதான் இங்கே முக்கியம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதனால்தான். உப்பு தடவிய கறியும் அப்படியே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பகலில் நன்றாகக் காய்ந்த கறி, இரவு வெளியே கிடந்தால் மறுபடி பிசுபிசுக்கும். மதுரை, கரூர், ஈரோடு பக்கம் இந்தத் தொல்லை குறைவு.

வாங்கும் நாள், உப்பில் ஊறும் இரவு, பிறகு மூன்று முதல் ஐந்து நாள் வெயில் என்று கணக்கு வையுங்கள். அத்தனை பகலிலும் வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி, திங்கட்கிழமை தொங்கவிட்டு, எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் காகங்களுக்குத்தான் விருந்து. வியாழக்கிழமை வாங்குங்கள்; காய்வதில் முக்கியமான முதல் நாளுக்கு விடுப்பு எடுங்கள்.

2. எடுத்துவைக்க வேண்டியவை

- கிராம் காட்டும் சமையலறைத் தராசு
- நன்கு தீட்டிய கத்தி
- நுனி குத்தும் சமையல் வெப்பமானி
- இட்லிப் பானை
- பெரிய வடிகட்டித் தட்டு
- கோணி ஊசி, தடித்த பருத்தி நூல் (சணல் வேண்டாம், நார் கறியில் ஒட்டும்)
- கொசுவலை

தராசு எதற்கு என்று கேட்காதவர் இல்லை. இரண்டு இடத்தில் அது இல்லாமல் முடியாது: உப்பு போடும்போதும், காய்ந்துவிட்டதா என்று பார்க்கும்போதும். பொடி உப்பும் கல் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. அனுபவசாலிகளின் கையளவு அவர்களுடைய கைக்கும் அவர்கள் வாங்கும் உப்புக்கும் மட்டுமே சரி.

3. கடையில் கேட்கவேண்டியது

வெள்ளாட்டின் தொடைக்கறியை முழுத் துண்டாகக் கேளுங்கள். ஒன்றரைக் கிலோ எலும்போடு வாங்கினால், கழித்ததுபோக ஏறக்குறைய 1 கிலோ தனிக்கறி தேறும். செம்மறியில் கொழுப்பு கூடுதல். கடைக்காரர் வழக்கப்படி கட்டையில் வைத்துச் சிறிதாக வெட்ட ஆரம்பிப்பார், அவரைத் தடுத்துவிடுங்கள். வெட்டுக்கத்தியால் துண்டுபோட்டால் எலும்புச் சிதறல் கறியில் ஏறும், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியாமல் போகும்.

விலா எலும்போடு உப்புக்கண்டம் போடும் வீடுகள் உண்டு. சுவையும் நன்றாகவே இருக்கும். ஆனால் எலும்பை ஒட்டிய சதை கடைசியில்தான் காயும், நாற்றமும் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு முறை தனிக்கறியில் போட்டுக் கைபழகட்டும்.

4. கழுவுவது வெட்டுவதற்கு முன்

கறியைக் கழுவாமல் நம் வீட்டில் யாரும் விடப்போவதில்லை. கழுவுங்கள், ஆனால் முழுத் துண்டாக இருக்கும்போதே. வெட்டிய பிறகு கழுவினால் ஒவ்வொரு வெட்டுமுகமும் தண்ணீரை உறிஞ்சும். பச்சைக்கறியில் ஏற்கெனவே முக்கால் பங்கு தண்ணீர். அதை வெளியேற்றத்தான் இத்தனை பாடும். அதில் மேலும் தண்ணீர் ஏற்றுவானேன்? கழுவியதும் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். கழுவிய தொட்டியை உடனே சோப்பு போட்டுத் தேயுங்கள். தெறித்த நீரோடு கிருமியும் தெறித்திருக்கும்.

பிறகு கொழுப்பு. கண்ணில் படும் வெள்ளைக் கொழுப்பு அத்தனையையும் நீக்குங்கள். சதை காய்வதுபோலக் கொழுப்பு காயாது. வெயிலும் காற்றும் பட்டால் அது சிக்கு வாடை அடிக்கும், ஒரு துண்டிலிருந்து டப்பா முழுவதும் அந்த வாடை பரவும். கொஞ்சம் கொழுப்பு இருந்தால்தானே ருசி என்று விட்டுவைக்கிறவர்கள் ஒரே மாதத்தில் மனம் மாறுவார்கள். வெட்டிய கொழுப்பை அன்றைய குழம்பில் போடுங்கள். சவ்வையும் உரித்துவிடுங்கள், உப்பு அதைத் தாண்டி உள்ளே போகச் சிரமப்படும்.

5. அரை விறைப்பில் வெட்டுங்கள்

கறியை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து, விரலால் அழுத்தினால் லேசாகக் குழியும் அளவு விறைத்ததும் எடுங்கள். மெல்லிய பட்டைகளாக வெட்ட இதுதான் வழி. தொளதொளவென்ற கறி கத்திக்கு வழுக்கி ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் போகும். மெலிந்தது கருகும்போது தடித்தது உள்ளே ஈரமாகவே கிடக்கும்.

தடிமன் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகவேண்டாம். நீளம் ஒரு சாண் வரை இருக்கலாம். நீளத்தால் கெடுதலில்லை, தடிமனால்தான் கெடுதல்: உள்ளே இருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வந்துதான் போகவேண்டும், அது கடக்கும் தூரம் தடிமனில் பாதி.

நாரின் போக்கிலேயே வெட்டுங்கள். நாருக்குக் குறுக்கே வெட்டிய கறி மெல்ல எளிது என்பது உண்மைதான். ஆனால் குறுக்கே வெட்டிய பட்டை நூலில் தொங்கும்போது கிழிந்து விழும். இப்போது நீளவாக்கில் வெட்டுங்கள். சமைக்கும்போது குறுக்கே நறுக்கிக்கொண்டால் மெல்லவும் எளிதாகிவிடும்.

6. உப்பும் மஞ்சளும் மட்டும், ஓர் இரவு

வெட்டிய கறியை மறுபடி எடைபோடுங்கள். 1 கிலோவுக்கு 50 கிராம் பொடி உப்பு, 2 தேக்கரண்டி மஞ்சள்தூள். ஒவ்வொரு பட்டையிலும் இரு பக்கமும் படும்படி பிசறி, வடிகட்டித் தட்டில் பரப்பி, அடியில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் 10 முதல் 12 மணி நேரம் விடுங்கள். அலுமினியம் வேண்டாம், உப்பு அதை அரிக்கும்.

மிளகாய்த்தூளை ஏன் இப்போதே போடக்கூடாது? உப்பு பட்டதும் கறி நீர்விடும். மசாலாவும் சேர்ந்திருந்தால் அது பாதி இந்த நீரோடு ஓடிவிடும், மீதி சேறாகி மேலே அப்பிக்கொண்டு காய்வதைத் தடுக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ‘சாறு வீணாகிறதே’ என்று கறியை அதிலேயே ஊறவைக்கிறவர்கள் நாம் வெளியேற்றிய ஈரத்தைத் திரும்பக் கறிக்குள் விடுகிறார்கள்.

இரவு முழுவதும் அடுப்படி மேடையில் மூடிவைப்பது பழைய வழக்கம். 5 சதவிகித உப்பு முதல் சில மணி நேரத்தில் கறியின் நடுவரை போய்ச் சேராது. நம் ஊர் இரவின் சூடு கிருமிகளுக்குச் சுகமான சூடு. குளிரில் வைத்தால் உப்பு உள்ளே இறங்க நேரம் கிடைக்கும். மஞ்சளை நம்பி உப்பைக் குறைக்கவும் வேண்டாம்.

7. ஆவி காட்டுவது

இந்தப் படி பாட்டி வீட்டு முறையில் இல்லை. ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன், முதல்முறை போடுகிறவர்களுக்குக் கட்டாயமாக.

காரணம் இது. 35 டிகிரி வெயிலில் தொங்கும் ஈரக்கறி, மேற்பரப்பு காயும் வரை கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற இடம். முதலிலேயே கறியின் உள்சூட்டை 71 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் சால்மோனெல்லா, ஈ.கோலி போன்றவை சாகும். காய்ந்த பிறகு சூடாக்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் சூடு முன்போல வேலை செய்யாது. ஈரம் போன கிருமி ஈரமான கிருமியைவிடச் சூட்டை அதிகம் தாங்கும்.

‘எப்படியும் எண்ணெயில் பொரிக்கத்தானே போகிறோம்?’ இந்தக் கேள்வி எப்போதும் வரும். பொரித்தால் கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, மற்றவை தாங்காத உப்பையும் தாங்கி வளரும். அது கறியில் விட்டுச்செல்லும் நச்சு கொதித்தாலும் பொரித்தாலும் அழியாது. கெட்டுப்போன உப்புக்கண்டத்தை நன்றாக வறுத்துச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை அதனால்தான் ஆபத்தானது. இந்தக் கிருமி பெரும்பாலும் நம் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருவது. விரலில் புண் இருந்தால் கையுறை போடுங்கள்.

இட்லித் தட்டிலோ ஓட்டைத் தட்டிலோ கறியை ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, ஆவி வந்த பிறகு ஐந்தாறு நிமிடம் வையுங்கள். இருப்பதிலேயே தடித்த பட்டையில் வெப்பமானியின் நுனியை நீளவாக்கில் செருகிப் பாருங்கள்; 71 காட்டினால் போதும். பெரிய தட்டில் பரப்பி மின்விசிறியின் கீழ் ஆறவிடுங்கள்.

இங்கே பலரும் செய்யும் பிழை, வெந்த கறியைப் பச்சைக்கறி இருந்த அதே பாத்திரத்தில் திரும்பக் கொட்டுவது. செய்த வேலை அத்தனையும் அந்த நொடியில் வீண். பாத்திரமும் இடுக்கியும் வேறாக இருக்கட்டும், கையைச் சோப்பால் கழுவுங்கள்.

ஆவி காட்டிய உப்புக்கண்டத்தில் பழைய முறையின் கடுமையான மணம் சற்றுக் குறையும், பொரித்தால் கொஞ்சம் உதிரும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் சாப்பிடும் வீட்டில் இந்த இழப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

8. மசாலா

ஆறிய கறியில் 4 தேக்கரண்டி மிளகாய்த்தூள், விரும்பினால் வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகும். அவ்வளவுதான். அரைத்த இஞ்சி பூண்டு விழுது, தயிர், வெங்காயச் சாறு எதுவும் வேண்டாம். விழுது ஈரம் கொண்டுவரும், காய்ந்தபின் அந்த அப்பலில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். பூண்டு மணம் வேண்டுமானால் சமைக்கும்போது தட்டிப் போடுங்கள்.

9. கோப்பதும் கட்டுவதும்

ஒவ்வொரு பட்டையின் முனையிலிருந்தும் ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி ஊசியைக் குத்துங்கள். ஓரத்தில் குத்தினால் கறி சுருங்கும்போது அறுந்து விழும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் காயாது. ஈ முட்டையிடத் தேடுவதும் அப்படிப்பட்ட மடிப்பைத்தான். சுருண்ட பட்டைகளைக் கையால் விரித்துவிடுங்கள்.

தாம்பாளத்தில் பரப்பிக் காயவைக்கலாமா என்றால், காயும், ஆனால் அடிப்பக்கம் வியர்த்துக்கொண்டே இருக்கும். நேரத்துக்கு நேரம் புரட்ட ஆள் இல்லையென்றால் கொடியில் கட்டுவதே மேல்.

கொசுவலையைக் கறியின்மீது போர்த்தாதீர்கள். நான்கு கம்பு நட்டு, வலை கறியிலிருந்து ஒரு சாண் விலகி நிற்கும்படி கட்டுங்கள். வலை கறியைத் தொட்டால் ஈ வலைக்கு மேலே உட்கார்ந்தே முட்டையிட்டுவிடும். கீழ்ப்பக்கத்தையும் மூடுங்கள். கம்புகள் தரையில் நிற்கின்றன என்றால் ஒவ்வொன்றின் அடியிலும் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், எறும்பு ஏறாது.

10. முதல் நாள்

காலை எட்டு மணிக்கெல்லாம் கட்டிவிடுங்கள். பத்து மணிக்குக் கட்டினால் காய்வதற்கான இரண்டு மணி நேரம் போய்விடும். வெயில் படும் இடத்தைவிட வெயிலும் காற்றும் சேர்ந்து படும் இடத்தைத் தேடுங்கள். நான்கு பக்கமும் கைப்பிடிச் சுவர் உயர்ந்த மாடியில் காற்று தேங்கும். கொடியைச் சுவருக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள்.

மதியத்துக்குள் பிசுபிசுப்பு போகவேண்டும். மாலையில் தொட்டால் மேற்பரப்பு தோல்போல உலர்ந்திருக்கவேண்டும், விரலில் மசாலா ஒட்டக்கூடாது. அப்படி இல்லையென்றால் நாளை வெயிலை நம்பாதீர்கள். அன்றிரவே 65 முதல் 70 டிகிரியில் உலர்த்தும் கருவியில் போடுங்கள், அல்லது அப்படியே குழம்பு வைத்துவிடுங்கள். நாற்றம் வரத் தொடங்கிய பிறகு இந்த இரண்டும் கைகொடுக்காது. அது குப்பைக்குத்தான்.

நான்கரை, ஐந்து மணிக்குள் உள்ளே எடுங்கள். எடுத்ததைக் குவியலாகச் சுருட்டி மூடிவைத்தால் ராத்திரியில் வியர்க்கும். கம்பித் தட்டில் பரப்பி, மூடாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உள்ளே விசிறி சுழலும் பெட்டியின் காற்று வறண்டது, இரவிலும் கறி கொஞ்சம் காய்ந்துகொண்டிருக்கும். பச்சைக்கறி, மீன் சொட்டும் தட்டுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள்.

11. அடுத்த நாட்கள், மாடி இல்லாத வீடுகள்

இரண்டாம் நாளிலிருந்து வேலை சுலபம். காலையில் கட்டுவது, மாலையில் எடுப்பது. நடுவில் துண்டுகளின் முகத்தைத் திருப்பிவிட்டால் போதும்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு உலர்த்தும் கருவி நல்ல வழி. 65 முதல் 70 டிகிரியில், அரை சென்டிமீட்டர் பட்டை அதே நாளில் காய்ந்துவிடும். மின்சார அவனில் மிகக் குறைந்த சூடே 100 டிகிரி என்றால், அதில் கறி காயாது, வேகும். கதவில் ஒரு மரக்கரண்டி செருகித் திறந்துவைத்து, முன்னால் மேசை விசிறி ஓடவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம்; சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேலே ஓடு கட்டிவிடும். உள் ஈரம் அந்த ஓட்டைத் தாண்டி வெளியே வராது. வெளியே கட்டை, உள்ளே மெத்து: டப்பாவுக்குள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படிப்பட்ட துண்டுதான்.

12. காய்ந்துவிட்டதா? தராசைக் கேளுங்கள்

1 கிலோ பச்சைக்கறி 400 கிராமுக்குக் கீழே வந்திருக்கவேண்டும். அந்த எடையில் மிஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் உப்பு நிறைந்த நீராகத்தான் இருக்கும். கிருமியால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. ‘கல்லுமாதிரி ஆகிவிட்டது’ என்று விரல் சொல்லும்போதே தராசு 500 காட்டுவது உண்டு. தராசு சொல்வதைக் கேளுங்கள், இன்னொரு நாள் காயட்டும்.

எடை சரியானதும், இருப்பதிலேயே தடித்த துண்டை ஒடித்துப் பாருங்கள். நடுவில் சிவந்தோ பளபளப்பாகவோ ஈரம் தெரியக்கூடாது.

13. அடைப்பது

நேராக டப்பாவில் போட்டு மறந்துவிடாதீர்கள். முதலில் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவு நிரப்பி, மூடி, ஒரு நாள் அறையில் வைத்துக் கவனியுங்கள். ஜாடியின் உட்புறம் பனித்தால் கறிக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது, மறுபடி வெயிலுக்கு. பனிக்கவில்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மாதம், உறைபெட்டியில் அதற்கு மேலும் வைக்கலாம். மண்பானையில் துணி கட்டிவைப்பது பார்க்க அழகுதான். அதில் வண்டும் புழுவும் நுழையும், கடலோரத்தில் ஈரமும் நுழையும்.

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்படும் முன் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று கரைந்தால் உப்பு. பஞ்சுபோலவோ பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் பூஞ்சை. அந்தத் துண்டை மட்டும் எடுத்துப்போட்டால் போதாது, ஜாடி முழுவதும் போகவேண்டும்.

14. சமைக்கும் முன்

காய்ந்த கறியில் பத்தில் ஒரு பங்கு உப்பாகவே இருக்கும். தேவையான அளவு எடுத்து, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டுங்கள். குழம்பில் ஊற்றினால் குழம்பு வாயில் வைக்க முடியாது. பிறகு நாருக்குக் குறுக்கே நறுக்கி, உரலில் லேசாகத் தட்டுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்கிய பிறகு கறியைப் போட்டு, குறைந்த தீயில் வறுங்கள். தீ கூடினால் ஒட்டியிருக்கும் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். கத்தரிக்காய்க் குழம்பில் போடுவதானால், காய் பாதி வெந்ததும் சேருங்கள். குழம்புக்கான உப்பை இறக்கும் முன் ருசி பார்த்துவிட்டே போடுங்கள்.